தாளில் எல்லாம் சரி, உடம்பில் எதுவும் சரியில்லை: ஒரு தைராய்டு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாற்றுப்பண்ணை வேலை பார்க்கும் 53 வயதுப் பெண்மணியின் கதை இது. தைராய்டு ஹார்மோன் குறைவுக்காக எட்டு வருடமாக லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். மருத்துவம் சார்ந்தவற்றை அப்படியே வைத்திருக்கிறேன்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நிறையப் பேர். லேப் தாளில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அவர்களுடைய மாத்திரை அளவு கூடுகிறது, குறைகிறது. அந்த எண் எப்படி வந்தது, ரத்தம் எடுத்த காலையில் அந்த அம்மா என்ன விழுங்கிவிட்டு வந்தார் என்பதை விசாரிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவர் ஒரு சாட்சி.

வந்தபோது இருந்த நிலை

அவர் தைராய்டுக்காக வரவில்லை. கால் வீங்குகிறது, வேலைக்குப் போனால் மதியத்துக்குள் உடம்பு விழுந்துவிடுகிறது என்று வந்தார். பேசத் தொடங்கியதுமே குரல் கரகரத்தது. முகம் உப்பியிருந்தது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 54. கை தொட்டால் குளிர்ச்சி, தோல் வறட்சி. சில மாதங்களில் 5 கிலோ கூடி 66 கிலோ ஆகியிருந்தார். மலச்சிக்கல். சீப்பு வைத்தால் முடி கொத்தாக வருகிறது என்றார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று குதித்துத் திரும்ப வேண்டும். இவருக்கு அது மெதுவாக, சோம்பலாகத் திரும்பியது. ரத்தப் பரிசோதனைகள் வருவதற்கு முந்தைய காலத்து டாக்டர்கள் தைராய்டு குறைவைக் கண்டுபிடித்த அடையாளங்களில் இதுவும் ஒன்று. நான் இன்னமும் அதை நம்புகிறேன்.

ஆனால் அவர் கையில் இருந்த தாள் வேறு சொன்னது. பத்து நாளைக்கு முன்பு வேறோர் இடத்தில் எடுத்த ரத்தம் அது. டி.எஸ்.எச். என்பது மூளையடிச் சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். ஃப்ரீ டி4 ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு. தாளில் டி.எஸ்.எச். 1.4, ஃப்ரீ டி4 21.6. அந்த லேப்பின் கணக்கில் முதலாவது 0.4 முதல் 4.0 வரையும் இரண்டாவது 12 முதல் 22 வரையும் இருக்கலாம். இரண்டுமே எல்லைக்குள்.

“தைராய்டு சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க டாக்டர். இது வேற ஏதோ,” என்றார்.

முன்கதையைக் கேட்டேன். கழுத்தில் இருக்கும் தைராய்டைச் சொந்த உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும் ஹாஷிமோட்டோ நோய்தான் இவருக்கு மூலம். தினம் 100 மைக்ரோகிராம் மாத்திரையில் வருடக்கணக்காக நன்றாக இருந்திருக்கிறார், டி.எஸ்.எச். எப்போதும் 2, 3 என்ற அளவில்தான். போன வருடக் கடைசியில் எடுத்த ரத்தத்தில் திடீரென்று டி.எஸ்.எச். 0.16, ஃப்ரீ டி4 29.4 என்று வந்திருக்கிறது. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் மாத்திரை மிதமிஞ்சிப் போய்விட்டது என்றுதான் படும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு தைராய்டு மருந்து அதிகமானால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், எலும்பு தேயலாம். அதனால் பயந்தது நியாயம். ஆனால் அன்றைக்கு அவருக்குப் படபடப்பு இல்லை, கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை. அவரிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மாத்திரையை நேர்பாதியாக, 50 மைக்ரோகிராமாக வெட்டிவிட்டார்கள். வழக்கமாக 12.5 அல்லது 25 என்று படிப்படியாகத்தான் குறைப்போம். அதற்கு எட்டு வாரம் கழித்து எடுத்ததுதான் அவர் கையில் இருந்த ‘நார்மல்’ தாள். அளவைக் குறைத்தோம், எண் எல்லைக்குள் வந்துவிட்டது, வைத்தியம் பலித்தது என்று எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். அவரைத் தவிர.

ஒரே தாளில் முரண்பட்ட இரண்டு சாட்சிகள்

அந்தத் தாளின் அடிப்பகுதியில்தான் எனக்கு முதல் துப்பு கிடைத்தது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 4.7. ஒரு வருடத்துக்கு முன்பு 3.0. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் ரத்தத்தில் இருந்து கொழுப்பை எடுத்து அகற்றுவது மந்தமாகும், எல்.டி.எல். ஏறும். ஒரே நாளில், ஒரே ஊசியில் எடுத்த ரத்தம். டி.எஸ்.எச். ‘சரியாக இருக்கிறேன்’ என்கிறது, கொழுப்பு ‘இல்லை’ என்கிறது. குதிகாலும் நாடியும் கொழுப்பின் பக்கம்.

இப்படி வரும்போது வழக்கமாக யோசிக்க வேண்டியவற்றை யோசித்தேன். சிறுநீரகம் சரி. இ.சி.ஜி.யில் துடிப்பு மெதுவாக இருந்ததே தவிர வேறு கோளாறு இல்லை. ஹீமோகுளோபின் 11.2, கொஞ்சம் குறைவு. ஆனால் அதனால் குரல் கரகரக்காது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போனால் டி.எஸ்.எச். நார்மலாகக் காட்டிக்கொண்டே தைராய்டு குறையலாம்தான். ஆனால் அப்போது ஃப்ரீ டி4 தாழ்ந்திருக்க வேண்டும். இவருக்கு மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மாத்திரையே சத்து இழந்துவிட்டதா என்றும் பார்த்தேன். லெவோதைராக்சின் வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் தாங்காத மருந்து. வெட்டிய பாதி மாத்திரையை அடுப்பங்கரையில் ஜாடியில் போட்டு வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. இவரும் அப்படித்தான் வைத்திருந்தார், அதை மாற்றச் சொன்னேன். ஆனால் சத்து இழந்த மாத்திரை என்றால் டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டுமே? எந்தக் காரணமும் அந்தத் தாளோடு பொருந்தவில்லை. அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது தாளைத்தான்.

பிளாஸ்டிக் பையில் வந்த பதில்

“வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க அக்கா?”

“பிரஷர் மாத்திரை மட்டுந்தான் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல.”

இந்தப் பதிலை நான் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அது மருந்து என்று நினைக்கிறார்கள். அதனால் வீட்டில் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், விட்டமின், ஜாமு என்ற மூலிகை மருந்து, பவுடர் எதுவானாலும், ஒரு பையில் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். கொண்டு வந்தார். பிரஷர் மாத்திரை, கால்சியம், கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய, முடி, தோல், நகத்துக்கான கேப்சூல். டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில்: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம்.

பயோட்டின் ஒரு பி விட்டமின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம்தான். சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். இவர் முடி கொட்டுகிறது என்று முதலில் ஒன்று சாப்பிட்டிருக்கிறார். முடி இன்னும் அதிகமாகக் கொட்டவே, காலையில் இரண்டாக ஆக்கிக்கொண்டார். அதாவது 20,000 மைக்ரோகிராம்.

பயோட்டின் உடம்புக்குக் கெடுதல் செய்யவில்லை. அது ரத்தப் பரிசோதனையைத்தான் கெடுத்தது. பல லேப் கருவிகள், ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்கு பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இருக்கும் மிக வலுவான பிணைப்பைப் பயன்படுத்துகின்றன. டி.எஸ்.எச். பரிசோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி புரதங்கள்) ஹார்மோனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் பயோட்டின் ஒட்டியிருக்கும், மற்றதில் ஒளி தரும் பொருள் இருக்கும். பயோட்டின் போய் ஸ்ட்ரெப்டாவிடினில் ஒட்டிக்கொண்டதும் மீதியைக் கழுவிவிட்டு ஒளியை அளக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் அந்த ஒட்டும் இடங்களை அதுவே பிடித்துக்கொள்ளும். ஹார்மோனைப் பிடித்த எதிர்ப்பொருள்கள் இடமில்லாமல் கழுவிக்கொண்டு போய்விடும். ஒளி குறையும், கருவி டி.எஸ்.எச். குறைவு என்று எழுதும்.

ஃப்ரீ டி4 பரிசோதனை தலைகீழாக வேலை செய்வது. அதில் ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆகவே அதே பயோட்டின் அங்கே எண்ணை ஏற்றிவிடுகிறது. டி.எஸ்.எச். தாழ்வு, டி4 உயர்வு. மருந்து மிதமிஞ்சிப் போனால் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படி. ஏதாவது ஓர் எண் மட்டும் தாறுமாறாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். இரண்டும் கைகோத்துக்கொண்டு பொய் சொன்னால் எவ்வளவு அனுபவம் உள்ள டாக்டரும் நம்பிவிடுவார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குப் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனையையும் பயோட்டின் பொய்யாக பாசிட்டிவ் ஆக்கக்கூடும். அதையும் எடுத்திருந்தால் கதை இன்னும் திசைமாறிப் போயிருக்கும்.

எல்.டி.எல். ஏன் உண்மை பேசியது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. கொழுப்பை என்சைம் வினையால் அளக்கிறார்கள். அதில் பயோட்டின் பிணைப்புக்கு வேலையே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதுபற்றி எச்சரித்தது. அதிக அளவு பயோட்டின் எடுத்த ஒருவருக்கு, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைவாக வந்து, அவர் இறந்துபோனதையும் அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பயோட்டினைத் தாங்கும்படி கருவிகளை மாற்றி அமைத்தன. எல்லா லேப்பிலும் எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. எந்த லேப், எந்த முறை என்பதைக் கேட்டால்தான் தெரியும், கேட்பதற்கு ஒரு போன் போதும்.

நிரூபித்த விதம்

சந்தேகத்தை வைத்து மாத்திரையைக் கூட்ட எனக்கு மனமில்லை. அன்று காலையும் அவர் கேப்சூல் விழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தார். அப்படியே ரத்தம் எடுத்து இரண்டு குழாயில் பிரித்தேன். ஒன்று அதே லேப்புக்கு, மற்றது பயோட்டின் பிணைப்பைப் பயன்படுத்தாத கருவி உள்ள இன்னொரு லேப்புக்கு. முதலாவது டி.எஸ்.எச். 1.6 என்றது. இரண்டாவது 23.1 என்றது. ஒரே கை, ஒரே ஊசி.

கேப்சூலை நிறுத்தச் சொன்னேன். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அளவு அதிகமாக இருந்தாலோ சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ இன்னும் கூடுதல் நாள் வேண்டும். இவருக்கு நான்கு நாள் விட்டேன். முதல் லேப்பிலேயே மறுபடி எடுத்ததில் டி.எஸ்.எச். 21.8, ஃப்ரீ டி4 9.7. இப்போது தாளும் குதிகாலும் ஒன்றையே சொன்னன.

நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்தால் மனசு கனக்கிறது. முடி கொட்டியதற்கு பயோட்டின் எடுத்தார். பயோட்டின் சோதனையைப் புரட்டியது. சோதனையைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார்கள். தைராய்டு குறைந்தது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டியதும் பயோட்டினை இரண்டு மடங்காக்கினார். இத்தனைக்கும் பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

மறுபடி 100 மைக்ரோகிராமுக்குத் திரும்பினோம்.

இரண்டாவது முடிச்சு

கதை இத்துடன் முடியவில்லை. எட்டு வாரம் கழித்து எடுத்ததில் டி.எஸ்.எச். 8.2, ஃப்ரீ டி4 20.4. பயோட்டின் சுத்தமாக இல்லை. உடம்பு தேறியிருந்தது, ஆனால் பழைய தெம்பு வரவில்லை.

டி.எஸ்.எச். ஏறியிருக்க, டி4 மட்டும் தாராளமாக இருந்தால் டாக்டர்களுக்கு உடனே தோன்றுவது, ‘இவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதில்லை, ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் விழுங்குகிறார்’ என்பது. அப்படிப்பட்டவர்களும் உண்டு. லோரி ஓட்டும் ஒருவர் விட்டுப்போன மாத்திரைகளை எல்லாம் சோதனைக்கு முந்திய இரவு மொத்தமாக விழுங்கிவிட்டு வருவார். அவருடைய டி4 அழகாக இருக்கும், டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடும். டி.எஸ்.எச். மாதக் கடைசியில் வரும் செக்ரோல் மாதிரி, எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பது அதில் இருக்கும். ஃப்ரீ டி4 அன்றைக்குப் பையில் இருக்கும் காசு. டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றினால் ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம், டி.எஸ்.எச். அதற்கேற்ப அடங்க இன்னும் கொஞ்சம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் சோதித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அளவை மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆனால் இவரிடம் அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டதற்கே முகம் வாடிவிட்டது. “ஒரு நாளும் தப்பினதில்ல டாக்டர். பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சேர்த்து போட்டுட்டுத்தான் போவேன்.” பெரட்டு என்பது வேலைக்கு முன் தோட்டத்தில் நடக்கும் காலை ஆள்கணக்கெடுப்பு.

எல்லாத்தையும் சேர்த்து. அங்கேதான் இருந்தது விஷயம்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கோப்பி கலக்கி, தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் அந்தக் கோப்பியோடு ஒரே வாயில் விழுங்கிவிட்டு, பசியாறி, வேலைக்குக் கிளம்புகிறார். கால்சியமும் இரும்பும் குடலில் லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கோப்பியும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், சோயா பாலும் அப்படித்தான். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்தால்தான் மாத்திரையின் முழுப் பலன் கிடைக்கும். அப்படிச் சாப்பிட்டாலே 70 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகிறது.

சரி, டி4 ஏன் அவ்வளவு நன்றாக வந்தது? அன்று விடியற்காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு, எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஃப்ரீ டி4 உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். அந்த உச்சத்தில்தான் ஊசி குத்தியிருக்கிறோம். டி.எஸ்.எச். அன்றைய ஒரு மாத்திரைக்கு அசையாது. ஆனால் அதற்கும் நேரம் காலம் உண்டு: இரவிலும் விடியற்காலையிலும் ஏறி, பிற்பகலில் இறங்கும். ஒரு தடவை காலையிலும் அடுத்த தடவை வேலை முடிந்து மாலையிலும் எடுத்தால், உடம்பில் ஒன்றும் மாறாமலே எண் மாறும்.

தோட்டத்தில் வேலை செய்பவரிடம் ‘காலையில் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள்’ என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். பெரட்டுக்கு நேரம் தவறினால் அன்றைய சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் இரவுக்கு மாற்றினேன். ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார், பத்து மணிக்குப் படுக்கிறார். கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது வெறும் தண்ணீரோடு மாத்திரை. இரவு மாத்திரை காலை மாத்திரைக்குக் குறைந்ததல்ல. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில் இரவில் சாப்பிட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. கால்சியமும் இரும்பும் பகல் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டன. இன்னொரு வசதியும் இதில் உண்டு: காலையில் ரத்தம் எடுக்கும்போது மாத்திரையின் உச்சம் எப்போதோ கடந்துபோயிருக்கும்.

எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 2.3, ஃப்ரீ டி4 16.1, எல்.டி.எல். 3.2. நாடி 70. மாத்திரை அதே 100 மைக்ரோகிராம்தான், எட்டு வருடமாக அவருக்குச் சரியாக இருந்த அதே அளவு.

இப்போது நாங்கள் செய்வது

தைராய்டு ரத்தம் எடுக்க வருபவரிடம் ஊசிக்கு முன்பே கேட்டுத் தாளில் எழுதுகிறோம்: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, எதோடு, முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது சாப்பிடுகிறீர்களா. காலை மாத்திரைக்காரர்களுக்கு, முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. மாத்திரையைக் கையில் கொண்டு வந்து ஊசி முடிந்ததும் இங்கேயே தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் போகலாம். இனிப்பு நீருக்கும் (சர்க்கரை நோய்) கொழுப்புக்கும் வெறும் வயிற்றில் வருவார்கள் என்பதால் இது சுலபமாக ஒத்துப்போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்புக்கு, ஏறக்குறைய ஒரே நேரத்தில். மாத்திரைப் பெட்டியின் கம்பெனி மாறினால் அதையும் எழுதுகிறோம், ஆறெட்டு வாரத்தில் மறுபடி பார்க்கிறோம். தைப்பூச விரத காலத்தில் பலருக்குச் சாப்பாட்டு நேரமே மாறிவிடும், மாத்திரையும் கூடவே இடம் மாறும். அந்த மாதத்து ரத்தத்தை வைத்து அளவைத் தொட நான் அவசரப்படுவதில்லை.

இதைப் படிக்கும் யாரும் தாங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் உடம்பும் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால், வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் கொண்டு போங்கள், அளவை மாற்றும் முன்பு ரத்தத்தை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஹாஷிமோட்டோ குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் அவருடைய மகளையும் ஒரு விடுமுறைக்கு வந்தபோது வரச் சொல்லியிருந்தேன். அவரும் அதே கேப்சூலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தி நான்கு நாள் கழித்து எடுத்தோம். டி.எஸ்.எச். 1.9.